உப்பில்லாத கடல் நீர்

பாபநாசம்,
நவம்பர் 12.

அன்பு மகன் இளவழகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, உன் தங்கை செம்மொழிக்குக் கும்பகோணம் பஸ்ஸில் தினமும் யாரோடாவது சண்டை, எனக்கு வழக்கம்போல வாய் ஓயவில்லை. ஆகவே முக்கால்வாசி சௌக்கியம். நீ அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டியிருக்கிறது. நார்வேயில் அரிசி கிடைக்கிறது என்றாய். கிடைப்பது வேறு, வடித்துச் சாப்பிடுவது வேறு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. அதோடு, முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதக் கூடாதா?

சம்பாவுக்கு முதல் களை எடுத்தாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் குறையில்லாமல் வருகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு இந்த மாதம் வந்த பருப்பில் பாதி வண்டு. அமைப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டையை இறக்குவேன் என்று லாரிக்காரர் நின்றார். நான் போடவில்லை. மூட்டை வந்த வழியே திரும்பிப் போயிற்று. இரண்டு நாள் பிள்ளைகளுக்கு முட்டையும் தக்காளிச் சாதமும் போட்டுச் சமாளித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அறிக்கை வந்துவிட்டது. கடலில் கம்பெனிக்காரர்கள் துளைத்த கிணற்றைச் சுற்றிக் குமிழி வருகிறதே, அது அவர்கள் குழாயிலிருந்து கசிகிற வாயுவா, கடலடிச் சேற்றில் தானாக உண்டாகிற வாயுவா என்று நீ சோதித்துப் பார்த்த அறிக்கை. விவசாயச் சங்கத்துத் தமிழ்மாறன் அதன் தமிழ்ச் சுருக்கத்தை நகல் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு பக்கம். கடலில் வருவது சேற்று வாயுதான், நெல் வயலில் வருவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, கிணற்றில் கசிவு ஏதும் இல்லை என்று போட்டிருக்கிறது. அடியில் கா. இளவழகன் என்று உன் பெயர்.

அதைவிடப் பெரிய விஷயம், ஒப்பிட்டுப் பார்த்த வயல் என்று நம் நாலு மா நிலத்தின் சர்வே எண் அச்சாகியிருக்கிறது. உன் அப்பா அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவருடைய அப்பா அதே வயலில் பண்ணையாளாக அடுத்தவருக்கு ஏர் ஓட்டியவர். பட்டாவில் காத்தான் என்று பெயர் ஏற இவருக்கு நாற்பத்தெட்டு வயதாயிற்று. நம் வயலைச் சாட்சியாக வைத்து அரசாங்கம் பேசுகிறது என்று நான் தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். நாற்பது பேராகவும் இருக்கலாம்.

போன வருஷம் ஆவணியில், நார்வே வேலைக்கெல்லாம் முன்னால், நீ வந்து மாதிரி எடுத்ததுதான் ஞாபகம் வருகிறது. முதல் நாள் தியாகேசன் படகில் போய்க் கடலில் ஆறு பாட்டில், மறுநாள் நம் வயலில் ஆறு பாட்டில். புனலைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிறைந்த பாட்டிலைத் தலைகீழாக வைத்து, நான் சேற்றைக் காலால் மிதிக்க மிதிக்கக் குமிழி ஏறித் தண்ணீர் இறங்கியது. முக்கால் பாட்டில் வாயு சேர்ந்ததும் மிச்சத் தண்ணீரை உள்ளேயே விட்டு மூடினாய். தண்ணீர் காவல் இருந்தால் வாயு தப்பாது என்றாய். லேபிளெல்லாம் என் கையெழுத்து. பிறகு ஆயுத பூஜைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாயே, அப்போதும் ஆறு பாட்டில் பிடித்தோம். முதலில் எடுத்ததில் மூடி சரியில்லை என்றாய். மூடி கெட்டதும் நல்லதாயிற்று, பிள்ளையை இரண்டு நாள் பார்க்கக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலாட்சி விஷயமும் எழுத வேண்டும். நாகூருக்கு வடக்கே கடற்கரையிலிருந்து ரயில் ஏறி வந்து இருபது வருஷமாக நம் தெருவில் மீன் விற்கிறவள். அறுவடை என்றால் கருவாட்டுக் கூடையோடு களத்துக்கே வந்துவிடுவாள். அவள் கருவாட்டைக் கொட்டுவாள், நான் நெல்லை அள்ளிப் போடுவேன், இரண்டு பேரும் அளந்ததே இல்லை. அவள் வீட்டுக்காரர்தான் தியாகேசன். குமிழி வருகிற கதையை முதலில் என்னிடம் சொன்னதும் அவள்தான். நம் பிள்ளை படித்தது இதுதான், அவன் பார்த்துச் சொல்லட்டும் என்று உன்னை அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நான். அப்புறம்தான் அரசாங்கக் குழுவும் அந்த வேலையை உன் ஆய்வகத்துக்கே கொடுத்தது.

போன வியாழக்கிழமை வந்தாள். தலையிலிருந்து கூடையை இறக்கவே இல்லை. "ஒம் மவன் எங்கள வித்துட்டான் அக்கா" என்றாள். புரட்டாசியில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது தண்ணீர்மேல் தீ ஓடி, தியாகேசனுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டதாம். சேத்து வாயுவா இப்படிப் பத்தும் என்று கேட்டாள். அடுப்பில் கோளாறு இருந்திருக்கும் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அவள் விடவில்லை. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "மீன் விக்கிறவளுக்கு ஆராய்ச்சியப் பத்தி என்னடி தெரியும்? எம் புள்ள பொய் எழுதுறவன் இல்ல" என்றேன். அவள் கூடையோடு திரும்பிப் போய்விட்டாள். கோபக்காரி, தானாக வருவாள்.

ஜனவரி 6-ம் தேதி நாகப்பட்டினத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். உன் அறிக்கையை வைத்துத்தான் கடலில் இன்னும் மூன்று கிணறு தோண்ட அனுமதி கேட்கிறார்கள். மீனவர்கள் எல்லாரும் எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நானும் கொடுத்துவிட்டேன். வயலில் மாதிரி எடுத்தபோது கூட இருந்தவள் நான், ஒழுங்காகத்தான் எடுத்தான் என்று மேடையில் சொல்லப் போகிறேன். ஆகையால் அறிக்கையில் இருப்பதைச் சத்துணவுக்காரிக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. தொண்டைக்கு வெந்நீர் குடி. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெருமையில் கால் தரையில் பாவாத அம்மா,
கா. ராசம்மாள்.


பாபநாசம்,
டிசம்பர் 10.

இளவழகனுக்கு, அம்மா எழுதுவது.

நான் கேட்டபடி நீ ஒரு பக்கம் எழுதி அனுப்பவில்லை. போனில் கூப்பிட்டு, "அதெல்லாம் ரகசியம்மா, நீ கூட்டத்துக்கெல்லாம் போகாத" என்றாய். நான் ஏன் என்று கேட்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அன்றைக்கு உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் பரீட்சைத் தாளை மறைத்துவிட்டுப் பேசினாயே, அந்தக் குரல்.

அஞ்சலாட்சி இன்னும் வரவில்லை. அவள் ஊரிலிருந்து மீன் கொண்டுவருகிற இன்னொரு பெண்ணிடம் முழு அறிக்கையையும் நகல் எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். "படிச்சவதானே, கடைசி வரைக்கும் படிக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாளாம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ்.

எந்த அரசாங்கக் காகிதத்தையும் நான் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பேன். மனு எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரியும். முன்பக்கத்தில் தருகிறோம் என்று இருக்கும், இணைப்பில் யாருக்கு இல்லை என்று இருக்கும். இதையும் இணைப்பிலிருந்து ஆரம்பித்தேன். ஏழாவது இணைப்பில் பன்னிரண்டு பாட்டிலுக்கும் ஒரு அட்டவணை. கடல் ஆறு, வயல் ஆறு. வாயு விவரமெல்லாம் எனக்குப் புரியவில்லை. ஓரத்தில் ஒரு கட்டம் மட்டும் புரிந்தது, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரின் குளோரைடு. அதாவது உப்பு.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். பள்ளிக்கூடத்துப் போர்வெல் தண்ணீரை வருஷா வருஷம் சோதித்து ஒரு தாள் கொடுப்பார்கள், அதை நான்தான் சமையல் அறைச் சுவரில் ஒட்டுவேன். இருநூற்றைம்பதுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுநூறு ஏறிப் பிள்ளைகள் சோறு கரிக்கிறது என்று தட்டை நகர்த்திவைத்தபோது, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யூனியன் ஆபீஸில் சண்டை போட்டுத்தான் ஆற்றுத் தண்ணீர் வாங்கினேன்.

உன் அட்டவணையில் வயல் பாட்டில்களுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று இருந்தது. சரி, காவேரித் தண்ணீர். கடல் பாட்டில்களைப் பார்த்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். செம்மொழி வேலை முடிந்து வந்ததும், கடல் தண்ணீரில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். அவள் லேபில் வேலை பார்க்கிறவள், போனிலும் தேடிப் பார்த்துவிட்டுப் பத்தொன்பதாயிரம் என்றாள். பத்தொன்பதாயிரம் எங்கே, நாற்பது எங்கே? உன் கடல் தண்ணீரில் சோறு வடிக்கலாம், பருப்பு வேகவைக்கலாம், கைக்குழந்தைக்குக் கொடுக்கலாம்.

உட்கார்ந்து யோசித்தேன். முதலில் உனக்காகத்தான் யோசித்தேன். ஆய்வகத்தில் வேறு யாராவது பாட்டிலை மாற்றியிருப்பார்கள், பையன் பாவம், தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மணி நேரம் அந்த எண்ணத்தில் நிம்மதியாகக்கூட இருந்தேன். அப்புறம்தான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது.

ஆவணியில் லேபிள் எழுதியது நான். ஆயுத பூஜைக்கு எடுத்த ஆறு பாட்டிலில் எழுத மார்க்கரை எடுத்தபோது, "குடுமா, நான் எழுதிக்கிறேன்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். அம்மாவுக்குக் கை வலிக்குமே என்று பார்க்கிறான் என்று அப்போது நினைத்தேன். இப்போது விளங்குகிறது. அறிக்கைக்குக் கடல் ஆறு வேண்டும், வயல் ஆறு வேண்டும். ஆவணியில் எடுத்தது வயல். ஆயுத பூஜைக்கு எடுத்தது கடல். என் நாலு மா நிலத்தில் முழங்கால் சேற்றில் நின்று, என் கையாலேயே உனக்கு ஒரு கடலைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நீ நிஜமாகவே கெட்டிக்காரன், ஒரு வருஷம் ஓட்டிவிட்டாய். உப்பைப் பார்ப்பது அங்கே வேறு யாரோ ஒரு பெண்ணின் வேலையாக இருந்திருக்கும், அவள் பாட்டுக்குப் பார்த்து எழுதிவிட்டாள், நீ கவனிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலையே வயலில் மறைத்தவன் என் வயிற்றில் பிறந்திருக்கிறான்.

எனக்கு எது அதிகமாக வலிக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அரசாங்கத்தை ஏமாற்றினாய், அது பெரிய தப்பு, ஒப்புக்கொள்கிறேன். தியாகேசனை ஏமாற்றினாய், அது அதைவிடப் பெரியது. ஆனால் அன்றைக்கு வாசலில் உன்னைப் பார்த்ததும் கையிலிருந்த பொரிகடலைத் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் ஓடிவந்தேனே. எங்களைப் பார்க்கத்தான் ஓடி வந்திருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. நீ என்னைப் பார்க்க வரவில்லை. என் சேற்றுக்கு வந்திருக்கிறாய். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, மறைக்கப் போவதில்லை.

உன் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திண்டாடித் திண்டாடித்தான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சர்வே எண் இருந்த அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நம்ம வயலப் போயி பொய்ச்சாட்சி சொல்ல வச்சுட்டானே" என்றார். மூன்று நாளாக வயலுக்குப் போகவில்லை, வாய்க்கால் மடையை நான்தான் போய்த் திறந்துவிட்டு வருகிறேன்.

நிஜமான கடல் பாட்டில்கள் ஆறும் எங்கே? அவற்றில் என்ன இருந்தது? கிணற்று வாயுவாக இருந்தால் ஈத்தேன் என்று ஒன்று கூடவே வரும், சேற்று வாயுவில் அது இருக்காது என்று நீதான் படகில் வைத்துத் தியாகேசனுக்குச் சொன்னாயாம். அவர் அதை இன்னும் ஞாபகம் வைத்திருந்து ஊரில் எல்லாருக்கும் சொல்கிறார். ஈத்தேன் இருந்தது, அதனால்தானே மாற்றினாய்? நார்வே வேலையை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை. என் பிள்ளை படிப்புக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். இப்போது கேட்கிறேன்.

உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஜனவரி ஆறாம் தேதிக்குள் நீயே குழுவுக்கு எழுதிவிடு. அந்த ஆறு கடல் மாதிரிகளும் கடலில் எடுத்தவை அல்ல என்று இரண்டே வரி போதும். செய்தவனே சொன்னால் மரியாதை மிஞ்சும். கூட்டத்தில் பேச என் பெயர் நாற்பத்தொன்றாவது. நான் இன்னும் அதை அடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகத் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா.


பாபநாசம்,
ஜனவரி 7.

இளவழகா,

உன் கடிதம் வரவில்லை. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி போனில் ஒரு வரி வந்தது. "அம்மா ப்ளீஸ், இதுல தலையிடாத. உனக்குப் புரியாது." அஞ்சலாட்சியிடம் நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். உனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரையும் தேட வேண்டியதில்லை.

நேற்றுக் கூட்டம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனேன். இருபது வருஷமாக அவள் நம் வாசலுக்கு வந்திருக்கிறாள்; நான் அவள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. வீட்டைக் கண்டுபிடிக்க நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "நீங்க வயல்ல கொழாயி எறக்க விடமாட்டோம்னு ரோட்டுல ஒக்காந்தப்ப நாங்க லாரி புடிச்சு வந்து ஒக்காந்தோம் அக்கா. கடல்ல எறக்கினப்ப ஒங்க ஊருலேருந்து ஒரு ஆளு வந்தீங்களா?" என்று கேட்டாள். உண்மையிலேயே நாம் யாரும் போகவில்லை.

தியாகேசன் வலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கிறது, இரண்டு விரல் மடங்கவில்லை. வலை இழுக்க முடியாது, அவர் தம்பி இழுக்க இவர் படகில் சும்மா உட்கார்ந்து போய் வருகிறார். நான் உப்புக் கணக்கைச் சொல்லி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "தம்பி அங்க நல்லாருக்கா?" என்று. இளவழகா, அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். கார்த்திகையில் நடந்த கல்யாணத்துத் தோரணம்கூட அவிழ்க்கவில்லை. மேடையில் குழுவின் தலைவரும் அதிகாரிகளும், ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள், உன் பழைய ஆய்வகத்திலிருந்து இரண்டு பேர். உன் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வர வேண்டாம் என்று நான் சொல்லியும் அவர் கேட்கவில்லை. செம்மொழி என் பக்கத்தில்.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். காலையிலிருந்து மனதுக்குள் உருப்போட்ட பேச்செல்லாம் மறந்துவிட்டது. அறிக்கையின் ஏழாவது இணைப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கடல் மாதிரி என்று போட்டிருக்கிற ஆறு பாட்டிலிலும் குளோரைடு எவ்வளவு என்று வாசிக்கச் சொன்னேன். ஒரு அதிகாரி வாசித்தார். நாற்பத்தொன்று என்றதுமே மீனவர்கள் பக்கம் சலசலப்பு. ஆறையும் வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கம்பெனிப் பக்கத்திலிருந்து ஒருவர், "அம்மா நீங்க கெமிஸ்ட்ரி படிச்சீங்களா?" என்று கேட்டார். "சத்துணவு அமைப்பாளர் சார், பத்தாங் கிளாஸ். முன்னூறு புள்ளைங்களுக்குத் தினம் உப்பு பாக்குறேன். இது கடல் தண்ணி இல்ல, எங்க வயல் தண்ணி" என்றேன். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் வயல் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லித்தான் கேட்டார். நான் நின்றேன். ஆவணியில் ஆறு, ஆயுத பூஜைக்கு ஆறு, இரண்டு தடவையும் புனலைப் பிடித்தது நான் என்று சொன்னேன். எடுத்தது யார் என்றார். "கா. இளவழகன். எம் மவன்" என்றேன். அதற்கப்புறம் அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தைகூட நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பணம் வாங்கினாய் என்று சொல்லவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது.

மூன்று கிணற்றுக்கான முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். மீனவர்கள் கூட வர, கடலில் மறுபடி மாதிரி எடுப்பார்களாம். எடுப்பார்களா, இழுத்தடிப்பார்களா, யார் கண்டது? முப்பது வருஷம் மனு எழுதியவளுக்கு அதில் சந்தேகப்பட உரிமை உண்டு.

கடைசியில், ஆய்வு செய்தவரிடம் விளக்கம் கேட்க வேண்டும், அவர் முகவரி என்ன என்று உன் ஆய்வகத்தாரைத் தலைவர் கேட்டார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாது என்றார்கள். தெரியாமலா இருக்கும்? ஆனால் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மண்டபத்தில் உன் முகவரி தெரியும் என்று சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். செம்மொழி தரையைப் பார்த்தாள். உன் அப்பா என்னைப் பார்த்தார். போகச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா, இத்தனை வருஷம் வாழ்ந்தும் அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. நான் மேடைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தேன். தெருப் பெயர் நம் வாயில் நுழையாது. எழுத்து எழுத்தாக எழுதி, தப்பு வந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன்.

திரும்புகிற ரயிலுக்கு அஞ்சலாட்சி ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தாள். ரயில் வருகிற சமயத்தில், "எம் புள்ளயா இருந்தா நான் சொல்லிருப்பனான்னு தெரியல அக்கா" என்றாள். எனக்குப் பாராட்டாகத் தோன்றவில்லை. அவள் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்த மாதிரி இருந்தது.

இதை இன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். குழுவின் கடிதம் பதிவுத் தபாலில் வரும். அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும். முகவரி கொடுத்தது யார் என்று நீ அக்கம்பக்கத்தில் யாரையாவது சந்தேகப்படக் கூடாது, கூட வேலை செய்தவர்களைத் திட்டக் கூடாது. கொடுத்தது நான்.

அந்தத் தபால் வரும்போது, ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதே சாமி. கையெழுத்துப் போட்டு வாங்கு. அந்த ஆறு பாட்டிலில் என்ன இருந்ததோ அதை இருந்தபடி எழுது. அதற்கப்புறம் வேலை போகட்டும், கேஸ் வரட்டும், எந்தக் கோர்ட்டில் நீ நின்றாலும் உன் பக்கத்தில் வந்து நிற்க எனக்கும் அப்பாவுக்கும் காலில் தெம்பு இருக்கிறது. நீ எழுதாமல் போனால் நாங்கள் எங்கே வந்து நிற்பது?

நீ நன்றாக இருக்க வேண்டும். இதை எழுதாமல் எனக்கு எந்தக் கடிதத்தையும் முடிக்கத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்த,
உன் அம்மா.